மேப்பிள் பைப்புக்கு ஊதுபத்தி காட்டிய கதை

"யாராவது இறந்துபோனார்களா, தேவன்?"

வேலிக்கு மேலால் தலையை மட்டும் நீட்டி, பக்கத்து வீட்டுப் பார்பரா ஆங்கிலத்தில் கேட்டார். எண்பதை நெருங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி. குரலில் உண்மையான கவலை இருந்தது.

அவர் அப்படிக் கேட்டதில் பிழை இல்லை. மாசி மாதத்து விடியல் குளிர். கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு சின்ன ஏணியில் நான் நிற்கிறேன். கையில் ஒரு கட்டு ஊதுபத்தி புகைகிறது. மரத்தைச் சுற்றி நீல நிறப் பிளாஸ்டிக் குழாய். மரத்தின் மறுபக்கத்தில் இன்னொரு மனிதர். குளித்துவிட்டு நெற்றி நிறையத் திருநீறு பூசியிருக்கிறார். குளிருக்குத் தலையில் துவாய். முழங்காலில் நின்று, குழாயின் மூட்டு ஒவ்வொன்றுக்கும் கண்ணை வைத்துப் பார்க்கிறார்.

"இல்லை பார்பரா. எந்த இடத்தால் காற்று போகிறது என்று பார்க்கிறோம்" என்றேன்.

அவர் புகையை ஒருதரம் பார்த்தார். "உங்கள் வழக்கங்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை" என்று சொல்லித் தலையை இறக்கிக்கொண்டார்.

போன வாரம் இந்தத் தொடரைப் படித்துவிட்டு எட்மண்டனிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசினார். "நீங்கள் எழுதுறதில பாதி புளுகு" என்றார். இந்த வாரம் அவருக்கு முக்கால்வாசியும் புளுகாகத் தெரியும். மரம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. தண்டில் மூன்று துளைகளின் தழும்பு இருக்கிறது. அவர் வந்து விரலை வைத்துப் பார்க்கலாம்.

நாற்பது கிலோ சாமான்

தலையில் துவாய் கட்டிய மனிதர் என் சகலன், குணம் அண்ணை. என் மனைவி ராஜியின் தமக்கை வசந்தியின் கணவர். கனடாவில், மொன்றியலுக்கு வெளியே ஒரு மேப்பிள் தோட்டத்தில் வேலை செய்தார். ஆயிரக்கணக்கான மரங்கள். மரத்துக்கு மரம் துளை போட்டு, குழாய் பூட்டி, பம்பு வைத்து நீரை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீரைத் தேன்போல் தடிக்கும்வரை காய்ச்சினால் மேப்பிள் பாணி. பனிக்குள் நடந்து திரிந்து, எந்த மூட்டால் காற்று உள்ளே போகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் குணம் அண்ணையின் வேலை.

விமான நிலையத்தில் அவருடைய பெட்டிகளைத் தூக்கியபோதே எனக்குச் சந்தேகம். உடுப்புப் பாரம் அப்படி இருக்காது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். சுருள் சுருளாக நீலக் குழாய். ஒரு சின்னப் பம்பு. மூடி பூட்டிய எவர்சில்வர் வாளி ஒன்று. அதற்குள்ளே அவருடைய காற்சட்டைகள். ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் மூட்டுகள்.

"உங்கட வளவில மரம் நிக்குதெண்டு வசந்தி சொன்னவ" என்றார்.

"அது மேப்பிள் இல்லை அண்ணை. சிக்கமோர்."

"மேப்பிளின்ர சொந்தக்காரன்தான். இலையைப் பாத்தா விளங்கேல்லையோ?"

"மாசி மாசத்தில இலை எங்க இருக்குது?"

அவர் சிரித்தார். அவர் வந்திருந்தது பதினெட்டு நாளுக்கு. அதற்குள் அந்த ஒரு மரத்திலிருந்து பாணி எடுத்து எங்களுக்குத் தந்துவிட்டுப் போவதாகத் திட்டம்.

கடையில் ஒரு போத்தல் வாங்கலாமே என்று நான் கேட்கவில்லை. ராஜி கேட்டாள். அவர் அவளைப் பார்த்த பார்வை, மரக்கறிக்காரனிடம் கோழி கேட்டதுபோல் இருந்தது.

ராஜியும் வசந்தியும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நல்லநாள் பெருநாளுக்கு குணம் அண்ணை போன் எடுப்பார், நான் கதைப்பேன். "ராஜி சுகமோ?" "சுகம். வசந்தி மச்சாள் சுகமோ?" "சுகம்." அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவர் குழாயோடு வந்து இறங்கியிருந்தார்.

டமார்

மரம் எங்கள் வளவுக்கும் பார்பராவின் வளவுக்கும் நடுவில் நிற்கிறது. அனுமதி கேட்கப் போனோம். மரத்துக்கு வலிக்காது என்று குணம் அண்ணை நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். பார்பரா ஒரு நிபந்தனை வைத்தார். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முதல்நாள் வரும் பான்கேக் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் அவருக்கு ஒரு போத்தல் வேண்டும்.

அன்றைக்கே துளை போட்டோம். மூன்று துளை, மூன்று குழாய். மூன்றும் ஒன்றாகி வாளியின் மூடிக்குப் போகும். மூடியின் மற்றத் துளையிலிருந்து பம்புக்கு ஒரு குழாய். பம்பு வாளிக்குள் இருக்கும் காற்றை இழுக்கும். வாளி மரத்து நீரை இழுக்கும்.

"ஒரு மரத்துக்குப் பம்பு என்னத்துக்கு அண்ணை? கீழ வாளியை வைச்சா தானா வடியுமே."

"வாளி வைச்சா மரம் தன்ர விருப்பத்துக்குத் தரும். எனக்குப் பதினெட்டு நாள்தான் இருக்குது."

கனடாப் பம்பின் பிளக்கில் ஒரு அடப்டரைச் செருகி, குசினிச் சுவரில் பூட்டி, ஆளியைப் போட்டார். கனடா மின்சாரம் எங்கள் மின்சாரத்தில் பாதி வலுத்தான் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம் நான் வெளியே மரத்தடியில் நின்றேன்.

டமார் என்று ஒரு சத்தம். வீடு முழுவதும் இருட்டு. உருகிய றப்பர் மணம்.

குணம் அண்ணை கதவடியில் வந்து நின்றார். "பம்பு போட்டுது" என்றார். மனிதருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்த சாமான் ஆறு செக்கனில் முடிந்துவிட்டது.

அந்த முகத்துக்காகத்தான் நான் வாயைத் திறந்தேன். "என்னட்ட ஒரு பம்பு இருக்குது."

எச்சில் மெஷின்

என் தொழில் பல்வைத்தியர்களின் உபகரணம் திருத்துவது. பல்லைத் துளைக்கும்போது வாயில் ஒரு குழாயை வைத்து எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சுவார்களே, அந்த உறிஞ்சும் பம்பு என் விசேஷம். கிழக்கு லண்டனில் இருபது, முப்பது இடங்களில் அதைப் பூட்டி, கழற்றி, காற்று ஒழுகாமல் அடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இல்ஃபோர்ட்டில் ஒருமுறை ஒரு பெரிய வெள்ளைக்காரர் வாயைத் திறந்தபடி அரை மணித்தியாலம் இருந்தார். உறிஞ்சும் குழாய் நின்றுவிட்டது. பல் பாதி துளைத்தபடி. நான் கதிரைக்குக் கீழே படுத்து மூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய எச்சில் என் கழுத்தில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. வெள்ளைக்காரரின் நாகரிகம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்படி ஒரு இடத்தில் கழித்துவிட்ட பம்பு என் கொட்டிலில் கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன்.

ராஜி குசினி வாசலில் நின்று பார்த்தாள். "என்னப்பா உது?"

"பம்பு."

"எங்கத்தைப் பம்பு?"

சொன்னேன்.

"ஊர்ச் சனத்தின்ர எச்சில் இழுத்த மெஷினிலயோ பாணி காய்ச்சப் போறியள்?"

"இது காத்தை மட்டுந்தான் இழுக்கும் ராஜி. நீர் வாளியோட நிண்டிடும். பம்புக்குக் கிட்டவும் வராது" என்றேன். உண்மை அதுதான். குணம் அண்ணையும் படம் கீறிக் காட்டினார்.

"அத்தான், நீங்கள் படம் கீறுங்கோ. நான் ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டன்."

அத்தானிடம் ராஜி மரியாதையாகத்தான் இருந்தாள். சோறு போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள். தமக்கையின் பெயரை மட்டும் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

முள் எட்டைத் தாண்டவில்லை

பம்பு வேலை செய்தது. வாளி மூடியில் ஒரு அளவுமானி. அதில் முள் இருபதைத் தாண்டினால்தான் மரம் மனம் இரங்கும் என்றார் குணம் அண்ணை. எங்கள் முள் எட்டில் நின்றது.

எங்கோ காற்று உள்ளே போகிறது. கனடாவில் அவர் இதைக் காதால் கண்டுபிடிப்பாராம். பனிக்காட்டில் நின்று மூச்சைப் பிடித்தால் "ஸ்ஸ்" என்று கேட்குமாம். இங்கே அவர் கண்ணை மூடித் தலையைச் சரித்தார். ரயில் போனது. பஸ் போனது. சிற்றி விமான நிலையத்துக்கு ஒரு பிளேன் இறங்கியது. எங்கோ ஒரு கார் அலாரம் நிற்காமல் அடித்தது.

"எப்பிடித்தான் இருக்கிறியளோ இஞ்ச" என்றார்.

சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்கலாம் என்றால், அது வெளியே ஊதும் குழாய்க்குத்தான் நுரை காட்டும். உறிஞ்சும் குழாய் நுரையையும் சேர்த்துக் குடித்துவிடும். புகை வேண்டும். ஒழுகும் மூட்டுக்குக் கிட்டப் புகையைப் பிடித்தால் நூல்போல உள்ளே போகும். சாமியறையில் ராஜியின் ஊதுபத்திப் பெட்டி இருந்தது.

பார்பரா எட்டிப் பார்த்தது அப்போதுதான்.

மரத்தின் மூன்று துளையிலும் புகை சும்மா மிதந்தது. குழாய் முழுவதும் ஒன்றுமில்லை. கடைசியில் வாளி மூடிக்கு வந்தோம். மூடியில் பூட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் மூட்டு குணம் அண்ணையுடையது. அதற்குள் திருகிய பித்தளை முனை என் பம்புடையது. புகை அங்கே போய், ஒரு சுற்றுச் சுற்றி, திருகு மரைக்குள் புகுந்து மறைந்தது.

"பிடிச்சாச்சு!" என்று குணம் அண்ணை கத்தினார்.

பிடித்தது சரி. அடைப்பதற்கு நாலு நாள் போனது.

நான் வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். முள் ஒன்பதுக்கு வந்தது. "சுத்துறது அப்பிடியில்லை" என்று அவர் கழற்றி, ஐந்து சுற்றுச் சுற்றி இறுக்கினார். எட்டரை. நான் ஏழு. அவர் பத்து. மரை தெரியாமல் மூட்டு காயத்துக்குக் கட்டுப் போட்ட விரல்போல் வந்துவிட்டது. முள் எட்டு.

இரண்டு கண்டங்களில் காற்று ஒழுக்கு அடைத்துச் சாப்பிடும் இரண்டு ஆண்கள். அரை அங்குல மூட்டு ஒன்று. நான் ஸ்பானரை எடுத்து முழுப் பலத்தோடு ஒரு இறுக்கு இறுக்கினேன். டிக் என்று பிளாஸ்டிக் வெடித்தது.

அவர் பையிலிருந்து இன்னொரு மூட்டை எடுத்தார். "இன்னும் மூண்டு கிடக்குது" என்றார்.

கவிழ்த்த வாளியில் இருந்து சொன்னது

அன்று மத்தியானம் இருவரும் வீட்டில் கிடந்த பழைய வாளிகளைக் கவிழ்த்து வைத்து இருந்து தேத்தண்ணி குடித்தோம். அவர் கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னார்.

"தேவன், நான் பாணிக்கு வரேல்லை."

"தெரியும் அண்ணை."

"வசந்தி அனுப்பினவ. கதைக்கச் சொல்லேல்லை. ராஜி எப்பிடி இருக்கிறா எண்டு பாத்துக்கொண்டு வரச் சொன்னவ. சும்மா வந்து உங்கட சோபாவில இருந்தா என்ன காரணம் சொல்லுறது? ஒரு வேலையோட வந்தா நிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"வசந்தி இண்டைக்கு வரைக்கும் உம்மட பேரைச் சொல்லேல்லை, ஐசே."

இதை நான் இந்தத் தொடரில் எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ராஜிக்கு வயிற்றில் ஒரு ஒப்பரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் கொழும்பில் அவளுடைய அப்பா காலமானார். செய்தி வசந்திக்குப் போய், வசந்தி எனக்குப் போன் எடுத்தார். "இப்ப சொல்லாதேங்கோ மச்சாள். தையல் காயட்டும். நேரம் பாத்து நான் சொல்லுறன்" என்றேன்.

நேரம் வரவில்லை. அல்லது நான் அதைப் பார்க்கவில்லை. பதினோராம் நாள், பார்க்க வந்த ஒரு பெண் ராஜியின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். ராஜி தமக்கைக்குப் போன் எடுத்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் வசந்தி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. என் பெயர் வரவில்லை என்பது ராஜியின் முகத்தில் தெரிந்தது.

நான் அருகில் கதிரையில்தான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளைக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

அம்மன் எதுக்குள்ளாலும் வருவா

எங்கள் வளவுக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் மேல்மாடியில் கமலாக்கா இருந்தார். பருத்தித்துறைக்காரர், பக்தி கூடிய மனுசி. அவருடைய யன்னலிலிருந்து பார்த்தால் பம்பு தெரியாது. மரம் தெரியும். மரத்தைச் சுற்றி ஊதுபத்தி காட்டும் என்னைத் தெரியும். திருநீற்றோடு முழங்காலில் நிற்கும் ஒரு புது மனிதரைத் தெரியும். மரத்திலிருந்து கண்ணாடிபோல் ஒரு நீர் சொட்டுவதும் தெரியும்.

சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. திறந்தேன். கமலாக்கா தட்டில் பூவோடு நின்றார். பின்னால் ஒன்பது பெண்கள். எல்லோர் கையிலும் வெறும் போத்தல்.

"தம்பி, எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?" என்றார்.

"என்னத்தை அக்கா?"

"மரத்தில தீர்த்தம் வருதாமே."

ராஜி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "அக்கா, உது தீர்த்தமில்லை. இவையள் பல் டொக்டரின்ர மெஷினைப் பூட்டி மரத்தை உறிஞ்சுகினம்."

கமலாக்கா ராஜியின் தோளைத் தட்டினார். "அம்மன் எதுக்குள்ளாலும் வருவா பிள்ளை."

பத்துப் பேரும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குசினி வழியாகப் பின்வளவுக்குப் போனார்கள்.

முள் எட்டில் நின்றாலும் வாளியில் கொஞ்சம் சேர்ந்துதான் இருந்தது. ஆறு நாள் சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்தது. ஒரு பெண் முழங்கால் நோவுக்கு என்று கேட்டார். இன்னொருவர் மகனுக்கு விசா கிடைக்க. குணம் அண்ணை ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். மூடியைத் திறந்து ஆளுக்கு ஒரு பேணி வார்த்தார். விசாவுக்குக் கேட்டவருக்கு இரண்டு. கடைசியில் வாளியின் அடி தெரிந்தது.

"ஏன் அண்ணை?" என்று கேட்டேன்.

"கும்பிட்டுக்கொண்டு நிக்கினம். எப்பிடி இல்லையெண்டுறது?"

அடுத்த நாள் இன்னும் கூடப் பேர் வந்தார்கள். நான் தந்திரமாக, "மரத்தின்ர முக்கால்வாசி பக்கத்து வீட்டுக்குச் சொந்தம், அங்க கேளுங்கோ" என்று அனுப்பினேன். பார்பராவுக்கு இத்தனை விருந்தினர் ஒன்றாக வந்து பல வருடம் ஆகியிருக்கும். எல்லோரையும் இருத்தினார். பால் கூடிய தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுத்தார். தன் இடுப்பு ஒப்பரேஷனைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். அந்தக் கதை ஒன்றரை மணித்தியாலம். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

சீப்பு

திங்கட்கிழமை இல்ஃபோர்ட்டில் ஒரு வேலை. கருவிப் பெட்டியைத் திறந்தபோது மரை அளக்கும் தகடு கண்ணில் பட்டது. சீப்புப்போலப் பல் வைத்த ஒரு சின்ன எஃகுத் தகடு. மரையில் வைத்தால் பல்லும் பல்லும் பொருந்த வேண்டும். குணம் அண்ணையின் பிளாஸ்டிக் மூட்டு ஒன்று என் சட்டைப் பையில் கிடந்தது. சும்மா வைத்துப் பார்த்தேன்.

பல்லோடு பல் பொருந்தவில்லை. எண்ணிக்கை சரி. பல்லின் சரிவு வேறு.

கனடா மரை ஒரு சாதி, இங்கிலாந்து மரை வேறு சாதி. அரை அங்குலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றுக்குள் ஒன்று மூன்று சுற்று நன்றாகப் போகும். பிறகு இறுகும். இறுகியதும் நாங்கள் சரி என்று நினைப்போம். உள்ளே எங்கும் ஒட்டியிராது. எத்தனை முழம் டேப் சுற்றினாலும் காற்றுக்கு வழி இருக்கும்.

இது என் தொழிலில் முதல் வருடம் தெரிய வேண்டிய விஷயம். எனக்குத் தெரியும். அண்ணையோடு போட்டி போட்ட நாலு நாளில் அது என் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போய் இரண்டு முனையின் மரையையும் வாளால் அறுத்தேன். குணம் அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒரு முழத் தடித்த றப்பர் குழாயைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, இரண்டு முனையிலும் ஏற்றி, இரும்புக் கிளிப் போட்டு இறுக்கினேன். மரையே இல்லை.

பம்பைப் போட்டோம். முள் எட்டைத் தாண்டியது. பன்னிரண்டு. பதினெட்டு. இருபத்திரண்டில் போய் நின்றது. குழாய்க்குள் நீர் குமிழி குமிழியாக ஓடி வந்தது.

குணம் அண்ணை என்னைக் கட்டிப் பிடித்தார். அவருடைய தாடி என் காதில் குத்தியது. எங்கள் திருமணத்தன்றுகூட அவர் எனக்குக் கைதான் தந்தவர்.

எலுமிச்சம்பழம் போட்ட சுவர்

பான்கேக் செவ்வாய்க்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை முப்பத்தைந்து லீற்றர் சேர்ந்திருந்தது. காய்ச்ச வேண்டும். வெளியே அடுப்பு வைத்துக் காய்ச்சலாம் என்றிருந்தோம். விடிந்ததிலிருந்து மழை.

ராஜிக்குக் கடையில் ஷிப்ட், மூன்று மணிவரை. "அதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார் குணம் அண்ணை. குசினியில் நாலு அடுப்பிலும் நாலு பெரிய பானை ஏற்றினோம்.

முப்பத்தைந்து லீற்றர் நீர் அரை லீற்றர் பாணியாக வேண்டுமென்றால் மிச்சம் எங்கே போகும்? நான் அதைப்பற்றி யோசிக்கவில்லை. அது ஆவியாகக் குசினிக்குள் போனது. பத்து மணிக்கு யன்னல் தெரியவில்லை. பதினொரு மணிக்குக் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கியது. ஒரு மணிக்கு நானும் அவரும் பெனியனோடு நின்றோம். வீடெல்லாம் இனிப்பாகவும், ஈர மரமாகவும் ஒரு மணம்.

மூன்றேகாலுக்கு, குசினிச் சுவரில் ராஜி ஆசைப்பட்டு ஒட்டுவித்த எலுமிச்சம்பழப் படம் போட்ட கடதாசி, மேலே ஒரு மூலையில் கழன்றது. நான் கையால் அமத்தினேன். அடுத்த மூலை கழன்றது. அவர் அமத்தினார். பிறகு முழு நீளத்துக்கு ஒரு பட்டை மெதுவாக, சேலை அவிழ்வதுபோல் கீழே வந்து குணம் அண்ணையின் தலையில் விழுந்தது.

ராஜி கதவைத் திறந்தது அந்த நேரத்தில்.

அவள் கத்தவில்லை. சுவரைப் பார்த்தாள். அத்தானின் தலையில் கிடந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்தாள். நனைந்த கோட்டைக் கழற்றாமலே போய்ப் போனை எடுத்தாள். வெளிநாட்டுக்குக் கதைக்கும் தொலைபேசி அட்டையின் இலக்கத்தைச் சுரண்டி அழுத்தினாள். பிறகு கனடா இலக்கத்தை, எதையும் பார்க்காமல் அழுத்தினாள். ஆறு வருடம் எடுக்காத இலக்கம்.

"அக்கா, நான் ராஜி. ஓம், ராஜிதான். உன்ர மனுசன் என்ர குசினியை என்ன செய்து வைச்சிருக்கிறார் எண்டு தெரியுமோ?"

எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள். பிறகு வசந்தியின் குரல் வந்தது.

"பேப்பர் உரிஞ்சிட்டுதோ?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"இஞ்சயும் இரண்டு தரம் உரிச்சவரடி. மூண்டாந்தரம் நான் பெயின்ற் அடிச்சுப்போட்டன்."

ராஜியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று உடனே தெரியவில்லை. சிரிப்புத்தான். அதற்குப் பிறகு தமக்கையும் தங்கையும் சேர்ந்து அந்த மனிதரைப் பேசத் தொடங்கினார்கள். வாளிக்குள் காற்சட்டை அடைத்ததிலிருந்து பேசினார்கள். குணம் அண்ணை ஈரக் கடதாசியைக் கையில் பிடித்தபடி, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டு நின்றார். தன்னை இவ்வளவு பேசிக் கேட்டு இவ்வளவு சந்தோசப்பட்ட மனிதரை நான் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

பிறகு ராஜியின் குரல் மாறியது.

"எல்லாம் சரி அக்கா. அப்பாவின்ர விசயத்தை மட்டும் ஏன் எனக்கு மறைச்சனீ?"

குணம் அண்ணை கையிலிருந்த கடதாசியைக் கீழே வைத்தார்.

"விடு ராஜி" என்றார் வசந்தி. "பிழை என்ரதான்."

குணம் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்திருந்தால் ஒருவேளை நான் கோபப்பட்டுச் சும்மா இருந்திருப்பேன். நிலத்தைப் பார்த்தார்.

"அவ இல்லை ராஜி" என்றேன். "அவ உடன எனக்குச் சொன்னவ. நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான். நான் சொல்லுறன் எண்டு சொல்லி, சொல்லாமல் விட்டனான்."

ராஜி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்பீக்கரில் வசந்தி பெருமூச்சு விட்டார். "ஏன் தேவன் இப்ப சொன்னனீங்கள்? இவ்வளவு நாளும் கொண்டுவந்திட்டம்."

அந்த நேரம் பார்த்து, தொலைபேசி அட்டையில் பேசும் ஆங்கிலப் பெண் குறுக்கே வந்து, ஒரு நிமிடம் மிச்சம் என்றாள்.

"அக்கா, போனுக்குக் கிட்ட நில். திரும்ப எடுக்கிறன்" என்றாள் ராஜி. பிறகு என்னிடம், என் முகத்தைப் பார்க்காமல், "போய்ப் போன் காட் வாங்கிக்கொண்டு வாங்கோ. ஒண்டு காணாது" என்றாள்.

நான் பெனியனுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, செருப்போடு மழைக்குள் ஓடினேன். மூலைக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னில் அடித்த மணத்தை மோந்து, "பாயாசமோ அண்ணை?" என்று கேட்டார். மூன்று காட் வாங்கினேன்.

ஒன்றரைப் போத்தல்

பாணி ஒன்றரை ஜாம் போத்தல் வந்தது. கருகிய சீனியும் மரப்பட்டையும் கலந்த ஒரு ருசி. செவ்வாய்க்கிழமை பார்பரா பான்கேக்கில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். ஆங்கிலேயர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ராஜி சொன்னபடியே ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை.

குணம் அண்ணை வியாழக்கிழமை பறந்தார். ராஜி தமக்கைக்கு என்று ஒரு பெரிய பை கட்டிக் கொடுத்தாள். மிளகாய்த்தூள், ஒரு சேலை, அப்பாவின் படம் ஒன்று. அவருடைய குழாயெல்லாம் என் கொட்டிலில் விட்டுவிட்டுப் போனார். பெட்டியில் இடம் காணாது.

சகோதரிகள் ஒவ்வொரு ஞாயிறும் கதைத்தார்கள். என்னோடு ராஜி கதைக்கவில்லை. சோறு மேசைக்கு வரும். என் உடுப்பு மடித்து வைத்திருக்கும். சொல் மட்டும் வராது. ஆறு வருடம் தமக்கைக்கு நடந்தது எனக்கு எத்தனை வருடத்துக்கு என்று தெரியாமல் நான் திரிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய், அதே எலுமிச்சம்பழக் கடதாசியைத் தேடினேன். அது கிடைக்கவில்லை, தோடம்பழம்தான் இருந்தது. பசை கரைத்து, தனியாக ஏணியில் ஏறி, இரண்டு நாள் ஒட்டினேன். ராஜி வந்தாள், தேத்தண்ணி போட்டாள், போனாள்.

ஞாயிறு பின்னேரம் கடைசிப் பட்டையையும் ஒட்டி முடித்து இறங்கினேன். ராஜி கோப்பையோடு வாசலில் நின்று சுவரை இடமிருந்து வலமாகப் பார்த்தாள். நான் தூரிகையைக் கழுவுவதுபோல் நின்றேன்.

"மேல அந்த மூலை ஒட்டேல்லை" என்றாள்.

நான் திரும்ப ஏணியில் ஏறினேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு வந்து, கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.